உங்கள் உடல்நிலை சீராக உள்ளது

கிடங்குச் சந்துப் பூங்காவில் ஒரே சமயத்தில் அறுபது பேர் உயிரோடு இருக்கலாம். அறுபத்தோராவது ஆள் வெளியே நிற்க வேண்டும். அங்கே உயிரோடு இருப்பது அவர் சாமர்த்தியம்.

இதையே நகர நிழல் வாரியம் இன்னும் மரியாதையான தமிழில் வாசல் பலகையில் எழுதி வைத்திருந்தது.

பாரிமுனையில் இறங்கி, காகிதக் கடைகளையும் கல்யாணப் பத்திரிகைக் கடைகளையும் தாண்டி உள்ளே நடந்தால், இரண்டு பழைய கிடங்குகளுக்கு நடுவில் அந்தப் பூங்கா இருக்கும். பதினோரு பெஞ்சு. ஒரு தூங்குமூஞ்சி மரம். மூக்குடைந்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் சிலை. அவர் யார், எதற்காக நிற்கிறார் என்று பேட்டையில் யாருக்கும் தெரியாது. புறாக்கள் மட்டும் அவரோடு தொடர்பில் இருந்தன.

ஒரு காலத்தில் அக்கினி நட்சத்திரம் இருபத்தைந்து நாளில் முடிந்துவிடுமாம். எனக்கு நினைவு தெரிந்து காலண்டரில் ஆரம்பிக்கும் தேதியை மட்டும்தான் போடுகிறார்கள். பகல் பதினொன்றிலிருந்து நான்கு வரை வெளியே நாற்பத்தேழு டிகிரி. பக்கத்திலேயே கடல் இருப்பதால் காற்றில் ஈரம், வியர்வை காயாது. காயாத வியர்வையால் ஒரு பிரயோஜனமும் இல்லை, உடம்பு உள்ளுக்குள்ளேயே வெந்துகொண்டிருக்கும். எனவே வாரியம் பூங்காவுக்கு மேலே ஒரு கூரை போட்டு, குளிர்க் குழாய்களை ஓட விட்டு, உள்ளே இருபத்தெட்டு டிகிரி ஆக்கியது. பேட்டையில் வேலை செய்கிறவர்கள் எண்பதாயிரம் பேர். இடம் அறுபது. யாரை விடுவது?

அதற்குத்தான் வாசல். உள்ளங்கையை ஒரு தகட்டில் வைத்து, நெற்றியைக் கேமராவுக்குக் காட்ட வேண்டும். யாருக்கு உடம்பு அபாயமாகச் சுடுகிறதோ அவருக்குத் திறக்கும், இரண்டு மணி நேரத்துக்கு. மற்றவர்களுக்கு, "உங்கள் உடல்நிலை சீராக உள்ளது. பிறருக்கு வழிவிடவும்" என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொல்லும். வாசலுக்குக் கைப்பிடி கிடையாது. முதல் கோடையில் இருந்தது. அப்போது காவலுக்கு இருந்தவர்கள் மச்சான், மச்சானுக்கு மச்சான் என்று உள்ளே விட்டார்கள். வாரியம் காவலர்களை நீக்கவில்லை, ஆபீசுக்கு மாற்றிவிட்டுக் கைப்பிடியை நீக்கிவிட்டது. வெளியேறுவதற்குப் பின்பக்கம் ஒரு சுழல் கதவு. அது உள்ளேயிருந்து வெளியே மட்டும் சுற்றும்.

பேட்டையில் வாசலுக்கு மாமியார் என்று பெயர். நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், ஆனால் உடம்பு சரியில்லை என்றால் நம்ப மாட்டாள்.

நான் புள்ளியியல் மூன்றாம் ஆண்டு. பகுதி நேரமாக அந்தப் பூங்காவில் 'நலச் சரிபார்ப்பாளர்'. பெயர்தான் பெரிது. வேலை, மூன்று பொத்தான். இரண்டு மணி நேரம் முடிந்து ஒருவர் வெளியேறும்போது அவர் தன் காலில் போனால் பச்சை. தூக்கிக்கொண்டு போனால் சிவப்பு. ஏமாற்றி நுழைந்தவர் என்று தெரிந்தால் அன்றைக்கே மஞ்சள். மஞ்சள் அழுத்தினால், பூங்காவுக்குள் வர வாரியம் அந்த ஆளுக்குக் கொடுத்த நிழல் அட்டை கோடை முடியும்வரை ரத்து. கோடை எப்போது முடியும் என்பதைப் பற்றி ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

துலுக்காணம் அண்ணன் தினமும் சரியாகப் பதினொன்றே காலுக்கு வருவார். காகித பண்டல் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி அவருடையது. போன வருடம் வெயிலில் இரண்டு முறை விழுந்தார். இரண்டாவது முறை பெரியாஸ்பத்திரியில் எட்டு நாள். உடம்பு தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும் சக்தியை இழந்துவிட்டது, உச்சி வெயிலில் நிழலில் இருக்க வேண்டும், மூன்றாவது தடவை விழுந்தால் இங்கே கொண்டுவர வேண்டாம் என்று டாக்டர் எழுதாமல் வாயால் சொல்லி அனுப்பினார்.

காலை லோடு இரண்டு இழுத்துவிட்டு வந்து நெற்றியைக் காட்டுவார். முப்பத்தொன்பது. முப்பத்தொன்பது புள்ளி மூன்று. மாமியார் மறுபேச்சில்லாமல் திறப்பாள். பேட்டையிலேயே தினமும் தவறாமல் உள்ளே விடப்பட்ட ஒரே ஆள் அவர்தான். அந்தப் பெருமையில் வரிசையில் நிற்பவர்களைத் திரும்பிப் பார்த்து, "மருமவன் வந்துட்டேன், வயிவுடு" என்பார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "காலேஜு" என்றுதான் கூப்பிடுவார்.

ஆனால் உள்ளே உட்கார்ந்த பிறகு முகம் வாடிவிடும். வண்டி ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. லோடு வரிசைப்படி வரும். உச்சி வெயில் லோடு வரும்போது வண்டியோடு நிற்காதவன் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவான். முப்பது வருடம் முதல் வண்டியாக நின்றவர் இப்போது பதினேழாவது. நேற்று வந்த பையன்களுக்குப் பின்னால். அதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார், சிலையைப் பார்த்துக்கொண்டு.

உள்ளே வர முடியாத எண்பதாயிரம் பேர் சும்மா இருப்பார்களா? முதலில் வெங்காயம் வந்தது. அக்குளில் வெங்காயம் வைத்தால் காய்ச்சல் வரும் என்பது பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட எல்லோருக்கும் தெரிந்த விஞ்ஞானம். ஒரு வாரம் கிடங்குச் சந்து முழுக்கச் சாம்பார் வாசனை. மாமியார் ஒருவரையும் விடவில்லை. அறுபதில் பாதி இடம் காலியாகவே கிடந்தது.

பிறகு பாண்டுரங்கனுக்குத் தலைவலி வந்தது. பாண்டுரங்கன் கல்யாணப் பத்திரிகைக் கடையில் எழுத்துப் பிழை பார்க்கிறவர். வாசலுக்கு எதிரே நசீர் பாய் டீக்கடை. தலைவலிக்கு இதமாகச் சூடான கிளாசை நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றவர், சும்மா ஒரு நப்பாசையில் வாசலில் போய் முகத்தைக் காட்டினார். முப்பத்தொன்பது புள்ளி எட்டு. திறந்துவிட்டது.

அன்று சாயங்காலத்துக்குள் பேட்டைக்கே தெரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து நசீர் பாய் கடையில் குடிக்கிற டீ தனி, வைக்கிற கிளாஸ் தனி. ஒரு நிமிஷம் உள்ளங்கையில், ஒரு நிமிஷம் நெற்றியில், பிறகு பத்து எட்டில் வாசல். அறுபது இடமும் நிரம்பியது. கடும் காய்ச்சல்காரர்கள் ஐம்பத்தொன்பது பேர் மரத்தடியில் சீட்டாடினார்கள், மசால் வடை சாப்பிட்டார்கள், அரசியல் பேசினார்கள், இரண்டு மணி நேரம் கழித்து விசிலடித்துக்கொண்டு சுழல் கதவு வழியாகப் போனார்கள். நான் பச்சையை அழுத்தினேன். அவர்கள் நடந்துதானே போனார்கள்.

மஞ்சளை ஏன் அழுத்தவில்லை என்று கேட்கலாம். எல்லோரும் தெரிந்தவர்கள். பாண்டுரங்கனுக்கு அறுபது வயது. பழ மண்டியில் மூட்டை தூக்கும் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். அவர்களை வெளியே தள்ளி அட்டையைப் பிடுங்க எனக்கு மனமில்லை. இன்னொன்றும் உண்டு. ஒரு பெரிய இயந்திரத்தை ஒரு டீ கிளாஸ் முட்டாளாக்குவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்லூரியில் இதை நடித்துக் காட்டிக் கைதட்டல்கூட வாங்கினேன்.

துலுக்காணம் அண்ணனுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று நசீர் பாய் ஒருநாள் அவருக்கும் ஒரு கிளாசை நீட்டினார்.

"சீக்கு இல்லாதவன் வேசம் கட்றான். எனக்கு இன்னாத்துக்கு பாய் வேசம்?" என்றார். கிளாசை வாங்கி, ஆறும்வரை கையில் வைத்திருந்து, தண்ணீரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வாசலுக்குப் போனார். திறந்தது.

நான் வேலையில் சேர்ந்த எட்டாவது மாதம் வாரியத்திலிருந்து ரெபெக்கா மேடம் வந்தார். வாசலின் மூளையைப் பார்த்துக்கொள்கிற பொறியாளர். நல்லவர், வரும்போதே எனக்கும் சேர்த்து இளநீர் வாங்கி வந்தார். ஊரில் மற்றப் பூங்காக்களில் மாதம் இரண்டு மூன்று சிவப்பு விழுகிறதாம். எங்கள் பூங்காவில்தான் காய்ச்சல் மிக அதிகம், சிவப்போ ஒன்றுகூட இல்லை. பதினாலாயிரம் பச்சை.

"உங்க ஏரியா ஜனங்க இரும்பு தம்பி" என்றார்.

இயந்திரத்துக்கு இதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"யாரும் சொல்லித் தரலை. வர்ற ஆளோட சூட்டை அது பாக்குது. ரெண்டு மணி நேரம் கழிச்சு அவர் எப்படிப் போறார்னு நீங்க சொல்றீங்க. அதை வச்சு, எவ்வளவு சூடு வரைக்கும் மனுஷன் தாங்குவான்னு தானா கத்துக்குது."

"நாப்பதுல வந்தவங்க எல்லாரும் நடந்தே போனா?"

"அப்ப நாப்பது ஆபத்தில்லைன்னு அர்த்தம். அவங்களை ஒதுக்கிட்டு, அதைவிடச் சூடா வர்றவங்களுக்கு இடம் கொடுக்கும். நியாயம்தானே?"

எனக்குப் புள்ளியியலில் எழுபத்தெட்டு மதிப்பெண். எட்டு மாதமாக நான் பொத்தான் அழுத்திக்கொண்டிருக்கவில்லை, பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். மேடம் இருந்தார், வாய் இருந்தது. ஆனால் சொன்னால் பேட்டைக்கே மஞ்சள் விழும் என்று கணக்குப் போட்டேன். நாமே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் மரத்தடியில் எல்லோரையும் கூட்டி, இனிமேல் கிளாஸ் வைக்க வேண்டாம், வைத்தால் நிஜமாகவே முடியாதவர்களுக்குக் கதவு திறக்காமல் போய்விடும் என்றேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் வைக்கக்கூடாது என்பதில் ஒருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அந்த வாரம் மாமியார் கெடுபிடி காட்ட ஆரம்பித்தாள். நாற்பது போதவில்லை. நாற்பத்தொன்று கேட்டாள், பிறகு தினமும் இன்னும் கொஞ்சம். நசீர் பாய் கிளாசைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, இடுக்கியால் எடுத்துக் கொடுத்தார். நெற்றிகளில் வட்ட வட்டமாகச் சூட்டுத் தழும்பு விழுந்தது. ஏதோ புது மதத்தில் சேர்ந்தவர்களைப் போல ஐம்பது அறுபது பேர் பேட்டையில் நடமாடினார்கள். புதிதாக வந்த ஒரு தபால்காரர் என்னிடம் எந்தக் கோவில் பிரார்த்தனை என்று விசாரித்தார்.

புதன்கிழமை பதினொன்றே காலுக்குத் துலுக்காணம் அண்ணன் வந்தார். நெற்றியைக் காட்டினார். முப்பத்தொன்பது புள்ளி நான்கு.

"உங்கள் உடல்நிலை சீராக உள்ளது" என்றது வாசல். "பிறருக்கு வழிவிடவும்."

வாசல் கண்ணாடிக்கு உள்பக்கம் நான். அவர் ஒரு நிமிஷம் அசையாமல் நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. பத்து வயது குறைந்த மாதிரி இருந்தது.

"கேட்டியா காலேஜு? சீரா கீதாம்."

பேசுவதற்கு வசதியாகச் சுழல் கதவு வழியே வெளியே ஓடினேன். வெயில் முகத்தில் அறைந்தது. அண்ணே, அது தப்பாகச் சொல்கிறது என்றேன். இவர்கள் எல்லோரும் கிளாஸ் வைத்து வைத்து அதைக் கெடுத்துவிட்டார்கள், உங்களுக்கு எதுவும் குணமாகவில்லை, இன்றைக்கு மட்டும் ஒரு கிளாஸ் வைத்துக்கொண்டு உள்ளே வாருங்கள் என்று கெஞ்சினேன்.

"இத்தினி மாசம் குளிர்ல குந்திக்கினு இருந்தேன். தேறிடுச்சு. அதுல இன்னா தப்பு?"

"அண்ணே, அது பொய் சொல்லுது."

"என்னிக்குமே அது என்கிட்ட பொய் சொன்னதில்லபா. பொய் சொன்னதெல்லாம் இவனுங்க." வரிசையில் நின்ற வட்டத் தழும்புகளை நோக்கிக் கையை நீட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீயும்தான் காலேஜு. பச்சைய அமுக்கிக்கினு இருந்தியே. நான் பாக்கலன்னு நெனச்சியா?" என்றார்.

அவர் தோளில் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார், வேகமாக. உச்சி லோடு வர இன்னும் நேரம் இருந்தது. முதல் வண்டியாக நிற்கப் போகிறார் என்று புரிந்தது. பின்னாலேயே போயிருக்க வேண்டும். அதற்குள் இரண்டு பேர் பாதியிலேயே கிளம்பினார்கள். நானும் ஒரு கிளாசை நெற்றியில் வைத்துக்கொண்டு, பொத்தான் அழுத்த உள்ளே திரும்பினேன்.

வியாழக்கிழமை அவர் வரவில்லை. பூங்கா திறக்கும் முன் ஸ்டாண்டுக்குப் போய்ப் பார்த்தேன். புதன்கிழமை உச்சி லோடை அவர்தான் இழுத்தார், ஒன்றும் ஆகவில்லை, எல்லோருக்கும் அவரே ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார் என்றார்கள். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. என்னைவிட அந்த இயந்திரத்துக்கு அதிகம் தெரிந்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் நம்பினேன்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவருடைய வண்டி வந்தது. இழுத்து வந்தவர்கள் வேறு இரண்டு பேர். காகித பண்டல்களுக்கு மேலே அவர் படுத்திருந்தார். கண் பாதி திறந்திருந்தது. தோல் காய்ந்து, செங்கல் நிறத்தில் இருந்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாயிற்று, நாற்பது நிமிஷம் ஆகும் என்றார்கள்.

நசீர் பாய் குடத்துத் தண்ணீர் முழுவதையும் அவர் மேல் ஊற்றினார். யாரோ பத்திரிகை அட்டையால் விசிறினார்கள். அந்தக் காற்றுக்கு விசிறுவதும் விசிறாமல் இருப்பதும் ஒன்றுதான். தூக்கி வந்து வாசலில் பிடித்தார்கள். ஒருவர் அவர் கையை எடுத்துத் தகட்டில் வைத்தார். ஒருவர் தலையை நிமிர்த்திப் பிடித்தார்.

நாற்பத்தொன்று புள்ளி ஆறு.

"உங்கள் உடல்நிலை சீராக உள்ளது."

உள்ளேயிருந்து கதவை உதைத்தேன். பாண்டுரங்கன் பெஞ்சைத் தூக்கி வந்து மோதினார். அந்தக் கண்ணாடியை வாரியம் நல்ல கம்பெனியில் வாங்கியிருந்தது. சுழல் கதவை எதிர்ப்பக்கம் சுற்றி நுழைக்கப் பார்த்தார்கள், கையளவுகூடச் சுற்றவில்லை. இன்னொரு முறை நெற்றியைக் காட்டினார்கள். அதே குரல், அதே இனிமை.

"பாய், கிளாஸ் எடுங்க" என்று யாரோ கத்தினார்கள்.

நசீர் பாய் அசையவில்லை. "ஏற்கெனவே எரியுறவர்யா" என்றார். சத்தமே வரவில்லை, கண்ணாடி வழியாக உதட்டைப் பார்த்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். பிறகு அவரே கடைக்குள் போனார். இடுக்கியோடு வந்தார். துலுக்காணம் அண்ணனின் உள்ளங்கையில் ஒரு நிமிஷம். நெற்றியில் ஒரு நிமிஷம். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அதுவே எங்களுக்குப் போதுமான பதிலாக இருந்தது.

நாற்பத்திரண்டு புள்ளி மூன்று. "வருக" என்று வாசல் திறந்தது.

மரத்தடியில், நல்ல குளிரில், அவரைப் படுக்க வைத்தோம். சீட்டுக்கட்டு ஓரமாகக் கிடந்தது. ஐம்பத்தொன்பது பேர் சுற்றி நின்றார்கள், எல்லோர் நெற்றியிலும் அதே வட்டம், இப்போது அவர் நெற்றியிலும். ஆம்புலன்ஸ் ஒரு மணிக்கு வந்தது. சுழல் கதவு வழியாக அவரை வெளியே தூக்கிக் கொடுத்தார்கள். வந்தவர் நாடியைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், நேரம் எழுதிக்கொண்டார்.

சிவப்பை அழுத்தினேன். எட்டு மாதத்தில் முதல் தடவை. பொத்தான் புதிதாக இருந்ததால் கொஞ்சம் இறுக்கமாக இருந்தது.

திரையில் ஒரு கேள்வி வந்தது: "தவறுதலாக அழுத்திவிட்டீர்களா?"

இல்லை என்று அழுத்தினேன்.

"நன்றி. பதினான்காயிரம் பதிவுகளுடன் இது பொருந்தவில்லை. கணக்கில் சேர்க்கப்படவில்லை."

ரெபெக்கா மேடத்துக்குப் போன் செய்தேன். வெங்காயத்திலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். என் பெயரை இரண்டு தடவை சொன்னேன். தெரிந்தே செய்தேன் என்றும் சொன்னேன்.

"அந்தப் பதினாலாயிரத்தையும் அழிச்சிடுங்க மேடம்" என்றேன். "எல்லாத்துக்கும் இப்பவே மஞ்சள் போடறேன்."

"அன்னன்னிக்குப் போட்டாதான் மஞ்சள் செல்லும். பழைய பச்சையை யாராலும் தொட முடியாது. ஆளுங்க தில்லுமுல்லு பண்ணக்கூடாதுன்னு நாங்களே பூட்டி வச்சது. தம்பி, உங்க பூங்காவுலதான் ஒருத்தரும் சாகலைன்னு, அது கத்துக்கிட்டதை இன்னிக்குக் காலைல எல்லாப் பூங்காவுக்கும் அனுப்பிட்டோம்."

எத்தனை பூங்கா என்று கேட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டு என்றார்.

திருப்பி எடுக்க வழியே இல்லையா என்று கேட்டேன்.

"இருக்கு. அது தானே தப்புன்னு கத்துக்கணும். அதுக்குச் சிவப்பு வரணும். நிறைய வரணும்."

மணி ஒன்றரை. எல்லாப் பூங்காக்களும் பதினொரு மணிக்கே திறந்திருந்தன.